உங்க வீட்டு விசேஷத்துக்குப் போட்டா தர்மம், பள்ளிக்கூடத்துல போட்டா ஓசியா?

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரே நாள்ல, ஒரே ஆள்கிட்ட இருந்து ரெண்டு பதிவு.

காலையில: பேரனோட முதல் பிறந்தநாளுக்குக் கோயில்ல அன்னதானம் போட்ட போட்டோ. சந்தோஷமா இருந்துச்சு, நானும் வாழ்த்துப் போட்டேன்.

சாயங்காலம்: ஒரு ஃபார்வேர்டு. "காலை உணவுன்னு ஓசிச்சோறு போட்டு பிள்ளைகளைக் கெடுக்குறாங்க."

அனுப்புனது என் தாய்மாமா. பெயர் போடல, வீட்டுல சண்டை வேணாம். ஆனா பதில் சொல்லாம விட முடியாது.

மாமா, அன்னதானத்தை நாங்க கேலி பண்ணல. கம்பம் பள்ளத்தாக்குல பொறந்தவன் எவனும் பண்ண மாட்டான். மொட்டையெடுத்துக் காது குத்துனா சோறு. வளைகாப்புன்னா கலந்த சாதம். கருமாதிக்கும் சோறு. கார்த்திகை பொறந்தா குமுளி ரோட்டுல நடந்து போற ஐயப்ப சாமிகளுக்கும் சோறு.

ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் பிறந்தநாளுக்கே பொங்கல் வைக்கிற ஊர் இது. 1841 ஜனவரி 15 பென்னிகுயிக் பிறந்த நாள். 1895-ல அவர் கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணைத் தண்ணியிலதான் நம்ம 14,707 ஏக்கர்ல இருபோகம் விளையுது. அதுக்கு நன்றியாத்தான் பாலார்பட்டியில தைப்பொங்கலோட அவருக்கும் பொங்கல். அவர் என்ன மதம்னு பொங்கப்பானை கேட்டதில்ல.

ஆனா இதே மண்ணு இன்னொரு பந்தியையும் பார்த்திருக்கு.

தாத்தா சொல்லுவாரு. பெரிய வீட்டுக் கல்யாணம்னா ஊருக்கே சாப்பாடு. நமக்கும் உண்டு. கடைசிப் பந்தி, பந்தலுக்கு வெளியே, வீட்டுல இருந்து கொண்டுபோன தட்டுல. போட்டவருக்குப் புண்ணியம் சேர்ந்திருக்கும். சாப்பிட்டவருக்கு 80 வயசு வரைக்கும் அந்த வெக்கம் போகல.

அவரு உங்க அப்பா மாமா. மறந்துட்டீங்களா?

தானம்னா கொடுக்குற கை மேல, வாங்குற கை கீழ. யாரை எங்க உட்கார வைக்கிறதுன்னு கொடுக்குறவர்தான் முடிவு பண்ணுவாரு. 1920-கள்ல சேரன்மாதேவி குருகுலச் சண்டை எதுக்கு? பொதுப்பணம் வாங்கி நடத்துன இடத்துலயே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதுக்குத்தான்.

அந்தப் பந்தியை நேராக்குனது பள்ளிக்கூடச் சோறு. 1920-ல நீதிக்கட்சி காலத்துல சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில ஆரம்பம். 1956-ல காமராஜர். 1982-ல எம்.ஜி.ஆர். 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள்ல மதுரையில காலை உணவு. அதுவும் பிறந்தநாள் சோறுதான் மாமா. என்ன வித்தியாசம்னா, மறுநாளும் அடுப்பு எரிஞ்சுச்சு.

சமைச்ச மதிய உணவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தே ஆகணும்னு 2001-லயே உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவு போட்டிருக்கு. உரிமைக்குப் பேரு ஓசி இல்ல.

சாதி அங்கயும் நுழையப் பார்க்கும். 2018-ல அவிநாசி பக்கம் பட்டியலினப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாதுன்னு தகராறு பண்ணாங்க. வன்கொடுமைச் சட்டத்துல வழக்குப் பாய்ஞ்சது. அரசுச் சோறு, அதனால அரசை நிறுத்திக் கேள்வி கேட்க முடிஞ்சது. கடைசிப் பந்தியில உட்கார்ந்த தாத்தா யார்கிட்ட போய்க் கேட்டிருப்பாரு?

தாத்தாவை வெளியே உட்கார வச்ச அதே வீட்டுப் பேரன் பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டான். ஒரே வரிசை, ஒரே சோறு, ஒரே முட்டை. நான் யாரையும் கும்பிட வேண்டியிருக்கல. மொய் நோட்டும் இல்ல. அப்படித்தான் படிச்சு இன்ஜினியர் ஆனேன். கெட்டா போயிட்டேன்?

நம்ம தோழர்களுக்கும் ஒண்ணு. தலைவர் பிறந்தநாள், நிர்வாகி பிறந்தநாள்னு நாமளும் பிரியாணி போடுறோம். போடுங்க. ஆனா அண்டாவை விட பேனர் பெருசா இருக்க வேணாம். பொட்டலம் வாங்குற பாட்டி முகத்தை போட்டோ எடுத்துப் போடாதீங்க. எல்லாத் தெருக்காரங்களும் வந்து ஒண்ணா உட்காருற இடமாப் பார்த்துப் பந்தி போடுங்க.

மாமா, உங்க பேரன் நூறு வயசு வாழட்டும். அடுத்த வருஷமும் அன்னதானம் போடுங்க, பரிமாற நானே வர்றேன். ஆனா இன்னொரு வீட்டுப் பிள்ளையோட காலைத் தட்டை ஓசின்னு சொல்லாதீங்க.

விசேஷம் வருஷத்துக்கு ஒரு நாள். பசி தினமும்.

#ஓசியில்லஉரிமை #காலைஉணவு #தேனி