டூர் வண்டிக்கு எஞ்சினை ஏத்தணுமா?

நம்ம நண்பர் ஒருத்தர் தண்டர்பேர்டு 350 வெச்சிருக்காரு. 2013 மாடல், கார்புரேட்டர் வண்டி. வர்ற ஜூன்ல சண்டிகர் வரைக்கும் ரயில் பார்சல், அங்கிருந்து மணாலி வழியா லே. பின் சீட்ல தங்கமணி, ரெண்டு பக்கமும் பை. இதுக்காக நாப்பதாயிரம் ஒதுக்கி ஒரு பட்டியலும் போட்டிருக்காரு: ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், கோன் டைப் ஏர் ஃபில்டர், பெரிய ஜெட், பணம் மிஞ்சினா சிலிண்டரை போர் பண்ணி பெரிய பிஸ்டன். "எஞ்சினை ஏத்தாம அந்த மலையெல்லாம் ஏற முடியாதுப்பா"ங்கறது அவர் கட்சி.

நான் எதிர்க்கட்சி. அந்தப் பட்டியல்ல இருக்கிற ஒண்ணுகூட அவர் போற மலைக்கு உதவாது, சிலது நடு வழியில உட்கார வெச்சுடும்ங்கறது என் வாதம். கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீங்க, எட்டாங்கிளாஸ் கணக்குதான் :-)

இந்த 346 சி.சி. எஞ்சின் 5250 ஆர்.பி.எம்.ல 19.8 குதிரை சக்தி தரும். டார்க் 28 நியூட்டன் மீட்டர், அது 4000லயே வந்துடும். 4000ல எவ்வளவு குதிரைன்னு கணக்குப் போட்டா ஏறக்குறைய 15.7. மிச்ச நாலு குதிரைக்காக இன்னும் 1250 சுத்து சுத்தணும். பிஸ்டன் ஸ்ட்ரோக் 90 மி.மீ. 4000ல பிஸ்டனோட சராசரி வேகம் விநாடிக்கு 12 மீட்டர், 5250ல 15.75 மீட்டர். வேகம் கூடுற மாதிரி இழுப்பு கூடாது, வர்க்கக் கணக்குல கூடும். அதாவது கனெக்டிங் ராடு வாங்குற இழுப்பு எழுபது சதவீதம் அதிகம். நாலு குதிரைக்கு இது கொஞ்சம் அதிக விலைதான். இந்த எஞ்சினோட குணமே மெதுவா சுத்தி அழுத்தி இழுக்கிறது. டூருக்கு வேண்டியதும் அதே குணம்தான்.

சரி, சைலன்சரும் ஃபில்டரும் என்ன பண்ணும்? காத்து சுலபமா உள்ள வந்து சுலபமா வெளிய போகும். ஆனா கார்புரேட்டர் பழைய அளவு பெட்ரோலைத்தான் விடும். கலவை 'லீன்' ஆயிடும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சைலன்சர்ல படபடன்னு வெடிக்குதே, அதை நம்ம பசங்க 'கெத்து'ங்கறாங்க. உள்ள எரியாம போனது வெளிய போய் எரியற சத்தம் அது. லீன் ஆனா ஹெட்டும் எக்ஸாஸ்ட் வால்வும் கூடுதலா சூடாகும். தண்ணி குளிரூட்டல் இல்லாத எஞ்சின், மூணு மணி நேரம் விடாம ஓட்டும்போது அந்தச் சூடு போறதுக்கு ஃபின்களை விட்டா வேற வழி கிடையாது.

இதுக்கு மேல இப்ப பெட்ரோலே மாறிடுச்சு. 2023 பிப்ரவரில இ20 வந்துச்சு, இன்னைக்குப் பெரும்பாலான பங்க்ல அதுதான். சுத்த பெட்ரோல் முழுசா எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காத்து வேணும். 20 சதவீதம் எத்தனால் கலந்தா சுமார் 13.5 போதும். 2013ல செட் பண்ண கார்புரேட்டருக்கு இது தெரியாது. அது பாட்டுக்கு அதே அளவு விடும். ஆக, சைலன்சரைத் தொடாமலே பழைய வண்டி கொஞ்சம் லீன் பக்கம் நகர்ந்தாச்சு. அது மேல போய் காத்தையும் திறந்து விட்டா?

"அதான் பெரிய ஜெட் போடறேனே"ன்னாரு நண்பர். சென்னையில சரி. ஆனா அவர் ஓட்டப் போறது சென்னையில இல்லையே!

கடல் மட்டத்துல இருந்து 2240 மீட்டர்ல இருக்கிற ஊட்டியிலயே காத்தழுத்தம் கிட்டத்தட்ட கால்வாசி குறைஞ்சிடும். மேட்டுப்பாளையத்துல ஜம்முனு இருந்த கார்புரேட்டர் மேல போனதும் மந்தமாகறது இதனாலதான். மணாலி-லே ரோட்டுல தங்லங் லா 5328 மீட்டர். அங்க அழுத்தம் ஏறக்குறைய பாதிதான். காத்து பாதி, பெட்ரோல் மட்டும் அந்த அளவுக்குக் குறையாது. கலவை தடிச்சுடும். இந்த வண்டியில இருக்கிற சி.வி. கார்புரேட்டர் இதை ஓரளவு தானே சமாளிக்கும், முழுசா முடியாது. சென்னையில பெரிய ஜெட் போட்டுட்டுப் போனா அங்க கறுப்புப் புகை, கரி பிடிச்ச பிளக், அடிவாங்கின மைலேஜ். பங்க் அபூர்வமா வர்ற ரோட்டுல மைலேஜ்தான் உயிர்.

முக்கியமான கணக்கு இனிமேதான். 5300 மீட்டர்ல அந்த 19.8 குதிரையில பதினொண்ணு, பன்னெண்டு மிஞ்சினா பெரிசு. சைலன்சரும் ஃபில்டரும் ஜெட்டும் பிரமாதமா வேலை செஞ்சு ரெண்டு குதிரை ஏத்திக் குடுத்ததாவே வெச்சுக்குவோம். அதையும் மலை விட்டு வைக்காது, பாதியைப் பிடுங்கிக்கும். நாப்பதாயிரத்துக்குக் கைல மிஞ்சறது ஒரு குதிரை!

மலை பிடுங்காத ஒண்ணு கியர். முன் ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல் குறைச்சா, இல்லேன்னா பின்னாடி ரெண்டு மூணு பல் கூட்டினா, பின் சக்கரத்துக்குப் போற இழுவை கூடும். உதாரணத்துக்கு 15 பல்லை 14 ஆக்கினா ஏழு சதவீதம். இது சென்னையிலயும் ஏழு, தங்லங் லாவுலயும் ஏழு. செலவும் மத்ததோட பார்த்தா கொசுறு. சமவெளியில அதே வேகத்துக்கு ஏழு சதவீதம் ஆர்.பி.எம். ஏறும்தான். அதுக்கு 90ல போறவர் 84ல போனா சரியாச்சு. அதுல இன்னொரு லாபமும் இருக்கு. காத்தைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தோட கன அளவுல கூடும். 90ல இருந்து 120க்குப் போனா ரெண்டே கால் மடங்குக்கு மேல. ரெண்டு பேர், மூட்டை முடிச்சோட இருக்கிற 350க்கு அந்த 120 தேவையே இல்லை.

அப்புறம் அந்தப் பெரிய பிஸ்டன். ராயல் என்ஃபீல்டே 70 மி.மீ. போரை 84 ஆக்கி 499 சி.சி. எஞ்சின் வித்தாங்க, 2020 வரைக்கும். ஆனா அவங்க பிஸ்டனை மட்டும் மாத்தி விடலை. 2009ல கிளாசிக் 500 வரும்போதே கார்புரேட்டரைத் தூக்கிட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வெச்சுட்டாங்க. நாம லேத்துல குடுத்து போர் பண்ணா கூடுதலா எரியற பெட்ரோலோட சூடு முழுக்க அதே ஃபின் வழியாத்தான் போகணும். அதை விடுங்க. பாங் பக்கத்துல பிஸ்டன் பிடிச்சுக்கிச்சுன்னா, அந்த அளவு பிஸ்டன் எந்தக் கடையில கிடைக்கும்? வண்டியில இருக்கிறது ஒரிஜினல் பாகமா இருந்தா மணாலி, லே மெக்கானிக் கிட்ட ஏதாவது ஒண்ணு ஆகும். கூட தங்கமணி வேற. குளிர்ல ரோட்டோரம் உட்கார்ந்திருக்கும்போது குதிரை சக்தியைப் பத்தி அவங்க கிட்ட விளக்கறது ரொம்பக் கஷ்டம் :-)

சட்டமும் இருக்கு. 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 182ஏ(4): அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை சிறை, இல்லே ரெண்டும். விபத்து நடந்தா, எஞ்சின் மாத்தினதைச் சொல்லாம விட்டதுக்கு இன்ஷூரன்ஸ்காரங்க கேக்கப் போற கேள்வி தனி.

ட்யூனிங்கே கூடாதுன்னு நான் சொல்லலை. ஊருக்குள்ள ஆசைக்கு ஓட்டறவங்க தாராளமா பண்ணலாம். அதை டைனோல ஏத்தி, காத்து-பெட்ரோல் விகிதத்தை முன்னாடியும் பின்னாடியும் அளந்து பண்ணுங்க. காதால கேட்டு பண்ற ட்யூனிங்ல சத்தம் ஏறும், சக்தி ஏறினதான்னு தெரியாது.

டூர் வண்டிக்கு என் வரிசை இது:

1. முதல்ல கம்ப்ரஷன் பாருங்க. குறைஞ்சிருந்தா ரிங், வால்வு வேலை, ஒரிஜினல் அளவுலயே. பழைய எஞ்சின் இழந்த குதிரையைத் திரும்ப வாங்கறதுதான் நல்ல அப்கிரேடு.
2. கார்புரேட்டர் சுத்தம். இ20க்காக ரப்பர் ட்யூப், ஓ-ரிங் எல்லாம் புதுசு. புது பிளக், கையில ரெண்டு உபரி.
3. கிளட்ச் பிளேட், கேபிள், செயின் செட். செயின் செட் மாத்தும்போதே பல் கணக்கையும் முடிச்சுடுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ முழு பாரத்தோட ஒரு தடவை ஏத்திப் பாருங்க.
4. பிரேக் பேடு, டயர், பின் ஷாக். ஏறின மலையில இறங்கவும் வேணுமில்ல.
5. மிச்சப் பணம் பெட்ரோலுக்கும் நல்ல ஜாக்கெட்டுக்கும்.

இதெல்லாம் பண்ணியும் சக்தி போதலைன்னா வேற வண்டியைப் பாருங்க. 2023ல வந்த ஹிமாலயன் 450ல 40 குதிரை, தண்ணி குளிரூட்டல், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். உயரத்துக்கு ஏத்த மாதிரி பெட்ரோலை அதுவே குறைச்சுக்கும். 350ஐ உடைச்சு 450 பண்றதைவிட இதுதான் சிக்கனம்.

நண்பர் இன்னும் முடிவு பண்ணலை. சைலன்சர் ஆசை விடலை போலிருக்கு. மலைக்கு பல்லைக் குறைச்சோ, ஜெட்டை மாத்தியோ போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா, எத்தனை பல், என்ன மைலேஜ்னு எண்ணிக்கையோட சொல்லுங்க. அவருக்கு உபயோகமா இருக்கும்.

டிஸ்கி: சொன்னதெல்லாம் கார்புரேட்டர் வெச்ச பழைய 350க்கு மட்டும். 2020க்கு அப்புறம் வந்த இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரங்க ஜெட் தேடிக் கடை கடையா அலைய வேண்டாம், ஹி ஹி.