நாலு பேர் முகம் பார்த்து இருக்க ஒரு மேசை: பூங்காத் திட்ட அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா,

இதற்கு முன் ஆங்கிலத்தில் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. எங்கள் கருத்துக்கு நன்றியாம், அது உரியவருக்கு அனுப்பப்பட்டிருக்கிறதாம். உரியவர் நீங்கள்தான் என்பது எங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்பதும் தெரியும். பூங்காவில் கருத்துக் கேட்க வந்த அன்றைக்குக் கூடாரத்தடியில் நின்று எங்களோடு நல்ல தமிழில்தான் கதைத்தீர்கள். ஆகவே இந்த முறை தமிழில், நாலு பேர் வாசிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் பெயரையும் பூங்காவின் பெயரையும் போடவில்லை. மிசிசாகாவில் இருந்து இதை வாசிக்கிற பலருக்குத் தங்கள் தெருப் பூங்காதான் ஞாபகம் வரும் என்று நினைக்கிறேன்.

பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர நான் ஆள் இல்லை. விதிகள், கையேடுகள், கொள்கை அறிக்கைகள் எல்லாம் உங்கள் மேசையில் இருக்கும். நான் எழுத வந்தது மூன்று வாங்குகளைப் பற்றி மட்டும்.

மே மாதச் சனிக்கிழமை. பூங்காவில் ‘ஒன்றுகூடும் இடம்’ அமைக்கப் போகிறோம், வந்து கருத்துச் சொல்லுங்கள் என்று கதவுக்குக் கதவு துண்டு போட்டிருந்தீர்கள். வெள்ளைக் கூடாரம், மூன்று பலகை, ஒவ்வொன்றிலும் படங்கள், பிடித்த படத்தில் ஒட்டச்சொல்லிப் பச்சை நிற வட்ட ஒட்டிகள். பிள்ளைகளுக்குப் பலூன். கோப்பியும் டோனட்டும்கூட இருந்தன. எங்கள் ஆட்கள் நல்லாய்த்தான் வந்தார்கள். ஊன்றுகோல் பிடித்தபடி, பேரப்பிள்ளையை ஸ்ட்ரோலரில் தள்ளியபடி, இந்த நாட்டில் எங்களிடமும் ஒருவர் கேட்கிறாரே என்ற சந்தோசத்தோடு வந்தார்கள்.

நாங்கள் கேட்டது என்ன என்று உங்களுக்கு மறந்திருக்காது. நாலு பேர் முகம் பார்த்து இருக்க ஒரு மேசை. அதற்கு மேலே ஒரு கூரை. அது சறுக்குமரம் தெரியிற பக்கமாய் இருந்தால் நல்லது, பேரப்பிள்ளைகள் கண்ணில் படுவார்கள் என்றோம். அம்மாமார் ஒரு மலசலகூடம் கேட்டார்கள். அது செலவு கூடிய விடயம், சரி, அதை இப்போதைக்கு விடுவோம். மேசை எதற்கு என்று கேட்டீர்கள். கடதாசி விளையாட என்றோம். நீங்கள் சிரித்தீர்கள். “என்ர அப்பாவும் முந்நூற்றி நாலு விளையாடுவார்” என்றீர்கள். அந்த ஒரு சொல்லோடு அங்கே நின்ற அத்தனை பேரும் உங்களை மகனாக எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் அப்பா விளையாடியிருந்தால் உங்களுக்கே தெரியும். முப்பத்திரண்டு கடதாசி, நாலு பேர், இரண்டு சோடி. சோடிக்காரர் எதிரும் புதிருமாய் இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் எதிரி, அவருக்குக் கையைக் காட்டக்கூடாது. துரும்பை மேசையில் கவிழ்த்து வைக்க வேண்டும். ஆக இந்த விளையாட்டுக்கு மேசையும் வேண்டும், முகமும் வேண்டும். மஞ்சள் துண்டொன்றில் மூன்று சொல் எழுதி எங்கள் கண் முன்னாலேயே பலகையில் ஒட்டினீர்கள்: மேசை, நிழல், மலசலகூடம்.

அடுத்த வருடம் அந்த இடம் திறந்தது. போய்ப் பார்த்தோம்.

சீமெந்துத் தளம். அதில் ஒரே வரிசையில் மூன்று வாங்கு, நிலத்தோடு போல்ட் போட்டு இறுக்கியபடி. யாரும் படுத்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு வாங்கின் நடுவிலும் இரும்புத் தடுப்பு. மேசை இல்லை. கூரை இல்லை. கூரைக்குப் பதிலாக ஒரு மேப்பிள் கன்று, என் மணிக்கட்டளவு தடிப்பு. அது நிழல் தரப் பதினைந்து இருபது வருடம் வேண்டும். எங்கள் கூட்டத்தில் மூத்தவருக்கு வயது எண்பத்தொன்று. வாங்குகள் பார்க்கிற திசைதான் எல்லாவற்றிலும் மேலானது. மூன்றும் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி இருக்கின்றன. சறுக்குமரமும் ஊஞ்சலும் முதுகுக்குப் பின்னால். பேரப்பிள்ளை விழுந்தால் சத்தம் கேட்டுத்தான் திரும்ப வேண்டும். அதுவும் கழுத்துத் திரும்புகிற வயது என்றால்.

இதையும் பொறுத்திருப்போம். ஒப்பந்தக்காரர் வரைபடத்தைத் தலைகீழாய்ப் பிடித்துவிட்டார் என்று எங்களுக்குள்ளேயே சொல்லிச் சிரித்தோம். பொறுமையை உடைத்தது உங்கள் அறிக்கை. ‘மக்கள் சொன்னது’ என்ற பக்கத்தில் இப்படி ஒரு வரி: முதியோர் ஆசன வசதி கோரினர். அதற்கு எதிரே ஒரு பச்சைச் சரிக் குறி: நிறைவேறியது. அட்டையில் யார் படம்? எங்கள் படம். பச்சை ஒட்டியை விரலில் பிடித்தபடி பல் தெரியச் சிரிக்கிற நாலு கிழவர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் இலங்கையில் படவரைஞராக வேலை பார்த்தவன். வரைபடத்தைக் கண்டால் அதன் அழகைப் பார்க்க மாட்டேன், வலது கீழ் மூலையைப் பார்ப்பேன், தொழில் பழக்கம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அந்தத் தளத்தின் வரைபடம் இருந்தது. மூன்று வாங்கு, ஒரு மரக்கன்று, அச்சொட்டாய் அதேதான். மூலையில் இருந்த திகதி பெப்ரவரி. எங்களைக் கூடாரத்துக்குக் கூப்பிட்டது மே மாதம்.

ஐயா, பெப்ரவரியில் கீறி முடித்த படத்துக்கு மே மாதத்தில் எதற்குக் கருத்து?

ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969இல் ஓர் ஏணி போட்டுக் காட்டினார். திட்டமிடல் படித்தவர்களுக்கு அரிச்சுவடி அது, உங்களுக்கும்தான். எட்டுப் படி. உச்சியில் மக்களே முடிவெடுப்பது. நாலாம் படி கருத்துக் கேட்பது. அடியில் கிடக்கிற முதலாவது படிக்கு அவர் வைத்த பெயர் மக்களை ஏய்த்துக் கையாளுவது. நீங்கள் நாலாம் படியில் நிற்பதாக அறிக்கை எழுதுகிறீர்கள். அட்டையில் எங்கள் படத்தைப் போட்டு, உள்ளே உங்கள் படத்தை வைத்தது எத்தனையாம் படி என்று நீங்களே சொல்லுங்கள்.

செலவு என்பீர்கள். பராமரிப்பு என்பீர்கள். மேசை வைத்தால் இரவில் பெடியள் வந்து கூடுவார்கள் என்றும் சொல்வீர்கள். வரட்டுமே. ஒன்றுகூடும் இடத்தில் சனம் ஒன்றுகூடிவிடும் என்று பயப்படுகிற ஓர் அலுவலகம் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கலாம்.

வில்லியம் வைட் என்பவர் 1970களில் நியூயோர்க்கின் சிறு சதுக்கங்களைப் படம் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். 1980இல் புத்தகமாகவும் எழுதினார். அத்தனை படத்தையும் பார்த்துவிட்டு அவர் கண்டது எங்கள் ஊர்ச் சங்கக்கடை வாசலில் நிற்பவருக்கே தெரிந்த விடயம்: இருக்க இடம் இருந்தால் சனம் இருக்கும். அசைக்கக்கூடிய கதிரை கிடைத்தால் மனிசன் இருக்க முன் அதை ஓரிரு அங்குலமாவது நகர்த்துகிறான் என்பதையும் அவர் கவனித்தார். அவரோடு வேலை செய்த பிரெட் கென்ட் 1975இல் தொடங்கிய அமைப்பை இந்த மிசிசாகாவே தன் நகர மையத்தைப் பற்றி யோசனை கேட்கக் கூப்பிட்டது. 2011இல் திறந்த செலிப்ரேஷன் சதுக்கத்தில் கோடை இரவில் போய் நின்று பாருங்கள். நிற்க இடம் கிடையாது. ஆக இந்த ஊருக்கு இது தெரியாத வித்தை இல்லை. நடுச் சதுக்கத்துக்குத் தெரிந்தது தெருப் பூங்காவுக்கு வந்து சேரவில்லை.

அது பெரிய இடம், பெரிய காசு என்று சொன்னால் காசில்லாத இடம் ஒன்றையும் காட்டுகிறேன். ரொறன்ரோவின் தோர்ன்கிளிவ் பார்க். பழைய குதிரைப் பந்தயத் திடலில் எழுந்த மாடிக் கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் புதிதாய் வந்த குடும்பங்கள். நடுவில் ஆர். வி. பர்ஜஸ் பூங்கா, கவனிப்பாரில்லாமல் கிடந்தது. 2008இல் சபீனா அலி என்ற பெண், இந்தியாவில் இருந்து வந்து அங்கே குடியேறியவர், அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழுவைத் தொடங்கினார். அவர்கள் கேட்டது குப்பைத்தொட்டி, வாங்கு, பிள்ளைகளுக்கு ஊஞ்சல். பிறகு வெள்ளிக்கிழமைச் சந்தை வந்தது. சல்வார், வளையல், மருதாணி, சமோசா என்று பெண்கள் தாங்களே செய்ததைத் தாங்களே விற்றார்கள். 2013இல் பூங்காவுக்குள் தந்தூர் அடுப்பு வந்தது. வட அமெரிக்காவில் பொதுப் பூங்கா ஒன்றில் வைத்த முதல் தந்தூர் அதுதான் என்பார்கள். அதே ரொறன்ரோவின் டஃபரின் குரோவ் பூங்காவில் 1995இலேயே பாண் சுட விறகு அடுப்புக் கட்டியிருந்தார்கள். வழி காட்ட அது இருந்தது. 2014இல் சபீனா அலிக்கு, நகர வாழ்வுக்குப் பணி செய்கிறவர்களுக்கான ஜேன் ஜேக்கப்ஸ் பரிசைக் கொடுத்தார்கள்.

அனுமதிக்கு அவர்களும் அலைந்தவர்கள்தான். அங்கேயும் அதிகாரிகள் இருந்தார்கள், படிவங்கள் இருந்தன, இல்லை என்ற பதில் இருந்தது. ஆனால் தந்தூர் கேட்ட பெண்களுக்குக் கடைசியில் தந்தூர் கிடைத்தது. ‘சமையல் வசதி’ என்று அறிக்கையில் எழுதிவிட்டு ஒரு தண்ணீர்க் குழாயைக் கொண்டுவந்து நட்டுவிட்டுப் போகவில்லை.

இதெல்லாம் இங்கத்தைய கதை. ஊரில், எங்கள் பருத்தித்துறையில், தும்பளைப் பக்கம், தெருமூடி மடம் என்று ஒன்று இருக்கிறது. பார்த்திருப்பீர்கள், இல்லாவிட்டால் வீட்டில் கேளுங்கள். தெருவுக்கு மேலேயே கல்லால் கூரை. இரண்டு பக்கமும் திண்ணை, திண்ணைக்கு எதிரே திண்ணை. வண்டியும் சைக்கிளும் நடுவால் போகும், வெயிலுக்கு ஒதுங்கினவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். அதைக் கட்டினவரிடம் பச்சை ஒட்டி இருந்திருக்காது. வெயில் எந்தப் பக்கம் விழும், களைத்து வருகிறவன் எந்தப் பக்கம் பார்த்து இருப்பான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த ஊரும் ஏலாத ஊர் இல்லை. 1979 நவம்பரில் இந்த மிசிசாகாவில் குளோரின் ஏற்றிய ரயில் தடம் புரண்டது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சனத்தை, ஓர் உயிர் போகாமல், வீடுகளில் இருந்து வெளியேற்றினார்கள். உலகமே மெச்சியது. அதே ஊரில் மூன்று வாங்கைச் சறுக்குமரப் பக்கம் திருப்பி வைக்க ‘அடுத்த திட்டக் காலத்தில் பரிசீலிக்கலாம்’ என்று உங்கள் அலுவலகத்தில் ஒரு பிள்ளை தொலைபேசியில் சொல்கிறது. அந்தப் பிள்ளையில் எங்களுக்குக் கோபமில்லை. எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறது, பாவம்.

தம்பி, இனி ஐயா போட எனக்கு மனம் வரவில்லை. குளிர்காலம் முழுக்கப் பேஸ்மன்ட்டில் இருக்கிற சனம் நாங்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால், பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போனால், வீட்டில் கதைக்க யாருமில்லை. வெயில் வருகிற ஐந்து மாதம்தான் எங்களுக்கு ஊர். அந்த ஐந்து மாதத்தையும் கார்களைப் பார்த்துக்கொண்டு, நடுவில் இரும்புத் தடுப்போடு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் கழிக்கச் சொல்கிறீர்கள். கேட்டால் ஆசன வசதி நிறைவேறியது.

உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சரிக் குறியை அழியுங்கள். அட்டையில் இருந்து எங்கள் படத்தை எடுங்கள். வாங்குகளின் போல்ட்டைக் கழற்றித் திருப்புங்கள், ஒரு மேசையை நடுவில் போடுங்கள். அடுத்த பூங்காவில் கூடாரம் போட முன், பலகையில் ஒட்டுகிற படத்தின் மூலையில் என்ன திகதி போட்டிருக்கிறது என்று ஒருதரம் பாருங்கள். முடிந்த வேலைக்கு எங்களைக் கூப்பிடாதீர்கள். கோப்பியும் டோனட்டும் எங்கள் வீட்டிலும் இருக்கின்றன.

இந்தச் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நாங்கள் அங்கேதான் இருப்போம். மடிக்கிற கதிரைகள், ஒரு பிளாஸ்டிக் மேசை, ஒரு கட்டுக் கடதாசி. மூன்று பேர் இருக்கிறோம், நாலாவது கை உங்களுடையது. இருக்கக் கதிரையை மட்டும் நீங்களே கொண்டுவாருங்கள்.