எந்த நூற்றெட்டு உயிர் காக்கும்?

நம் ஜனங்களிடத்தில் 108 என்ற எண்ணுக்கு இருக்கிற செல்வாக்கு வேறு எந்த எண்ணுக்கும் கிடையாது. சாமிக்கு 108 போற்றி, பிள்ளையாருக்கு 108 தேங்காய், அம்மனுக்கு 108 பால்குடம், அரச மரத்திற்கு 108 சுற்று. இத்தனை நூற்றெட்டில் ஒன்றாவது நடுநிசியில் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, "யாருக்கு ஆபத்து?" என்று கேட்டதுண்டா? அப்படி வந்து கேட்கிற நூற்றெட்டு ஒன்றே ஒன்றுதான். அது 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஏற்படுத்தப்பட்ட 108 ஆம்புலன்ஸ் வண்டி. அதற்குத் தேங்காயும் வேண்டாம், தட்சணையும் வேண்டாம். கூப்பிடுவதற்கும் காசில்லை, ஏறிப்போவதற்கும் காசில்லை.

இந்த ஏற்பாடு எந்தக் கடவுளும் அருளியதல்ல. 1935-இல் லண்டனில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் மாண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புப் படைக்கு டெலிபோன் செய்தும், மற்ற அழைப்புகளோடு அவரையும் வரிசையில் காக்க வைத்துவிட்டார்கள். அவர் "இது விதி" என்று உட்கார்ந்துவிடவில்லை, பத்திரிகைக்கு எழுதினார். அதன் பிறகே 1937-இல், ஆபத்துக்கென்று தனி எண்ணாக 999 அங்கே பிறந்தது. அறிவுள்ளவன் சாவைக் கண்டால் காரணத்தைத் தேடுகிறான். மூடநம்பிக்கைக்காரன் பரிகாரத்தைத் தேடுகிறான்.

நிற்க, நமது புதுக்கோட்டை ஜில்லாவின் சங்கதிக்கு வருவோம். வயலிலும் வரப்பிலும் பாடுபட்டு, இரவில் மண்தரையில் படுக்கிற குடியானவர்கள் நிறைந்த ஜில்லா இது. கட்டுவிரியன் பெரும்பாலும் இராத்திரியில், தூங்குகிறவனைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் இராது. விடியற்காலம் வயிற்றை வலிக்கும், கண் இமை தொங்கும், பிறகு மூச்சு அடங்கும். அந்த நேரத்தில் நம்மவர்கள் செய்வதென்ன? மந்திரிக்கிறவன் வீட்டுக்கு ஓடுகிறார்கள். அவன் வேப்பிலை அடித்துத் திருநீறு போடுகிறான். "மந்திரித்துப் பிழைத்தவர்கள் இல்லையா?" என்று நம்மைக் கேட்கிறார்கள். இருக்கிறார்கள். கடிக்கிற பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப்பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமலே கடிக்கும். ஆகவே தானே பிழைக்கக்கூடியவன் பிழைக்கிறான், புகழ் மந்திரவாதிக்குப் போகிறது. உண்மையாகவே விஷம் ஏறினவன் சாகிறான், பழி தலையெழுத்துக்குப் போகிறது! இதைவிட நஷ்டமில்லாத வியாபாரம் உலகத்தில் உண்டா?

விஷம் ஏறினவனுக்கு மருந்து விஷமுறிவு ஊசி. அது சர்க்கார் ஆஸ்பத்திரியில் இனாமாகக் கிடைக்கிறது. பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக 2024-இல் தமிழ்நாட்டு அரசு ஆக்கியுமிருக்கிறது. ஆகையால் கடிபட்டவுடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய்வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் படுக்க வையுங்கள்.

வேறு எப்போது கூப்பிடவேண்டும்? நினைவு தப்பினால், மார்பு அடைத்து வலித்தால், மூச்சு முட்டினால், ஒரு பக்கம் கை கால் விழுந்து பேச்சுக் குழறினால், இரத்தம் நிற்காமல் போனால், தீப்புண் பட்டால், விஷம் குடித்தால், சாலையில் அடிபட்டால், பிரசவ வலி எடுத்தால், ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது. வலியில் துடிக்கிற பெண்ணை, "ராகுகாலம் கழியட்டும்" என்று நிறுத்தி வைக்கிறவனுக்கு அவளுடைய உயிரைவிடப் பஞ்சாங்கம் பெரிதாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

எப்படிக் கூப்பிடுவது? முதலில் இடத்தைச் சொல்லவேண்டும். ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால் ஜில்லா, தாலுகா, ஊர், தெரு இவற்றோடு பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, பஸ் நிற்கும் இடம் போன்ற அடையாளமும் சொல்லவேண்டும். பிறகு என்ன நேர்ந்தது, எத்தனை பேருக்கு, நினைவு இருக்கிறதா, மூச்சு வருகிறதா என்பதைச் சொல்லவேண்டும். கேட்கிறவர் முடிக்கும் வரையில் டெலிபோனை வைக்கக்கூடாது. அவர் சொல்லுகிறபடி செய்யவேண்டும். ஓர் ஆள் விளக்கோடு பெரிய ரோட்டில் போய் நிற்கவேண்டும். அழுது கூச்சலிடுகிற பத்துப்பேரைவிட, இடத்தைத் தெளிவாகச் சொல்லுகிற ஒருவரே அப்போது அதிகப் பிரயோஜனப்படுவார்.

சாலையில் அடிபட்டுக் கிடப்பவனைக் கண்டும், "போலீஸ், கோர்ட் என்று அலையவேண்டுமே" என்று ஒதுங்குகிறவர்கள் பலர். 2016-இல் சுப்ரீம் கோர்ட்டும், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் உதவி செய்தவருக்குப் பாதுகாப்பு அளித்திருக்கின்றன. பெயர் விலாசம் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைச் சர்க்கார் செலவிலேயே செய்யும் திட்டமும் 2021 டிசம்பரிலிருந்து இங்கே இருக்கிறது. ஆகவே இனிப் பயம் என்பது வெறும் சாக்கே.

அன்றியும், வேடிக்கைக்காக 108-ஐக் கூப்பிடுகிறவன் வேறொருவனுடைய மூச்சைத் திருடுகிறான். சாதாரணக் காய்ச்சலுக்கு யோசனை கேட்க 104 இருக்கிறது. அதுபோலவே, வண்டி தாமதமாக வந்தாலும், ஆஸ்பத்திரியில் ஊசி இல்லையென்றாலும் நாம் வாயை மூடிக்கொண்டிருக்கக்கூடாது. இது எவரும் போடும் பிச்சையல்ல, நமது வரிப்பணம். சாமி வரவில்லையென்றால் யாரையும் கேட்கமுடியாது. சர்க்கார் வண்டி வரவில்லையென்றால் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

கடைசியாக நமது தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ராகுகாலத்தைக் கேலி செய்துவிட்டால் பகுத்தறிவாளர் ஆகிவிட்டோம் என்று நினைப்பது போதாது. ஆபத்து வேளையில் ஏழை மந்திரவாதியிடம் ஓடுவது, வேறு வழியை யாரும் அவனுக்குச் சொல்லாததாலுந்தான். பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்றிருந்த காலத்தில், இதே புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1912-இல் டாக்டரானார். அந்த ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் இன்னும் விஷத்திற்கு வேப்பிலை அடிப்பது நம் எல்லோருக்கும் வெட்கமல்லவா? ஆகையால் நம் ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் கால் மணி நேரம் ஒதுக்கி, கூப்பிடும் முறையைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். கடவுளை ஆயிரம் தரம் கூப்பிட்டவர்களுக்கு, மனிதனை ஒரு தரம் ஒழுங்காகக் கூப்பிடக் கற்றுக்கொடுப்பதும் நமது வேலையேயாகும்.