வாசல் வழியாக வராத வெள்ளம்



வெள்ளம் என்றால் ஆற்றில் வரும், ஏரி உடைந்து வரும் என்றுதான் நாம் எண்ணியிருந்தோம். 1903-ல் பாலாறு வாணியம்பாடியைச் சூறையாடிய கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2021 நவம்பரில் அதே பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது நமது கண் முழுவதும் ஆற்றின் மீதே இருந்தது. மாதனூரில் இருந்து குடியாத்தம் செல்லும் வழியில் இருந்த தரைப்பாலம் உடைந்தது. அக்கரை வாடிக்கையாளர்கள் சுற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. இதையெல்லாம் பத்திரிகைகள் எழுதின. நமது தெருவில் நடந்ததை எவரும் எழுதவில்லை.

மழை விட்டு வெயிலும் அடிக்கத் தொடங்கிய பிறகு வீட்டுத் தரையில் ஈரம் கண்டது. குடம் சிந்தியிருக்கும் என்று துடைத்துவிட்டோம். மறுநாள் சமையலறை மூலையில் ஊற்றுப் போலக் கசிந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு என்று வாழ்பவர்கள் நம்மில் பலர். வீட்டில் ஊறிய நீர் கடைக்கு வர எத்தனை நேரம் ஆகும்? மேல் மூட்டையைப் பார்த்து வியாபாரம் செய்துகொண்டிருந்தோம். அடி மூட்டையைப் புரட்டியபோது அரிசி கட்டி பிடித்துப் பூசணம் பூத்திருந்தது. வெல்லம் இளகியிருந்தது. பச்சைப்பயறு முளை கட்டியிருந்தது. கொள்முதல் செய்த சரக்குக்கு மண்டிக்காரருக்குக் கெடு தேதியில் பணம் கட்டியாக வேண்டும். மூட்டை நனைந்தது என்று சொன்னால் கெடு தள்ளிப் போகுமா?

சேதம் கணக்கெடுக்க வந்தவர், "தண்ணீர் எத்தனை அடி நின்றது?" என்று கேட்டார். நின்றது என்று காட்டச் சுவரில் கோடு இல்லை. கூரை இறங்கவில்லை, சுவர் விழவில்லை. எழுத ஒன்றும் இல்லை என்று போய்விட்டார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. அவர் கையில் இருந்த படிவத்தில் தரைக்கு அடியில் இருந்து வரும் வெள்ளத்துக்கு இடம் இல்லை.

இது ஏன் வருகிறது என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஆனால் அந்த மணல் ஒரு பெரிய தொட்டி. ஆறு வாரக்கணக்கில் ஓடினால் தொட்டி நிறைந்து, கரையோர ஊர்களின் நிலத்தடி நீரும் ஏறும். கிணறுகள் விளிம்பு வரை வரும். அந்த மட்டத்தை விடத் தாழ்ந்த தரை எங்கே இருக்கிறதோ அங்கே நீர் தலைகாட்டும். ஆற்றில் வந்த வெள்ளம் வடிந்த பிறகும் இது உடனே வடியாது.

நமது தரை ஏன் தாழ்ந்தது? வீடு இறங்கவில்லை, சாலைதான் ஏறியது. பழைய தாரின் மேலேயே புதிய தார் போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் இரண்டு படி ஏறி வந்த கடைக்கு இன்று ஒரு படி இறங்கி வர வேண்டியிருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதியது போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அந்த உத்தரவை நினைவூட்டுவது நமது வேலையும் ஆகும்.

அடுத்தது கிணறு. தோல் கழிவால் இந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ கெட்டது என்ற ஆய்வை, 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. 2025 ஜனவரி 30 அன்றும் பாலாற்று மாசு பற்றி அதே நீதிமன்றம் மீண்டும் கடுமையாகப் பேச வேண்டியிருந்தது. தோல் தொழிலைப் பழிப்பது நமது நோக்கம் அன்று. தொழிலாளி கூலி வாங்கினால்தான் நமது கடைக் கணக்கு தீரும். ஆனால் மேல்நீர் உப்பாகிப் போனதால் கிணற்றில் இறைப்பதை விட்டோம். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போனோம். வேலூர், ஆம்பூர்ப் பக்கம் காவிரிக் கூட்டுக் குடிநீரும் வந்தது. கிணறுகளைக் குப்பையும் கட்டட இடிபாடும் போட்டு மூடினோம். இறைப்பார் இல்லாத நீர், மழை மிகுந்த ஆண்டில் இடம் இல்லாமல் மேலே வருகிறது. வரும்போது உப்போடு வருகிறது. சுவர் அடியில் வெள்ளையாகப் பூத்துக் காரை உதிர்வதைப் பாருங்கள். உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதை மளிகைக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்தது அன்று. ராஜஸ்தானில் பாலைவன ஓரத்தில் உள்ள ஜோத்பூர் நகரத்துக் கடைக்காரர்களும் இதே தொல்லையைப் பல ஆண்டுகளாக அனுபவித்து வருகிறார்கள். கால்வாய் வழியாக வெளியூர் நீர் வந்த பிறகு அங்கே பழைய கிணறுகளையும் படிக்கிணறுகளையும் கைவிட்டார்கள். நிலத்தடி நீர் ஏறிக் கடைகளின் கீழ்த்தளக் கிடங்குகளில் புகுந்தது. மோட்டார் வைத்து இறைப்பதே அன்றாட வேலையாயிற்று. தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர்போன ஊரிலேயே இந்த நிலை என்றால், ஆற்றங்கரையில் இருக்கும் நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

ஒருவர் மட்டும் மோட்டார் போட்டு இறைத்தால் தீராது. பக்கத்து வீட்டு நீர் அந்தப் பள்ளத்துக்கு வந்து சேரும். இறைத்த நீரைத் தெருவில் விட்டால், கால்வாய் அடைத்திருக்கும் வரை அதுவும் திரும்பத் தரைக்குள்தான் இறங்கும். ஆகவே தெருவே சேர்ந்து செய்ய வேண்டிய காரியம் இது.

முதலாவதாக, மூடாமல் மிஞ்சியிருக்கும் கிணறுகளைத் தூர் வாரிக் காப்பாற்றுவோம். குடிக்க உதவாத நீரானாலும், தொழிற்சாலைக் கழிவு கலக்காத இடத்தில் கட்டட வேலைக்கும் கழிவறைக்கும் உதவும். ஐப்பசிக்கு முன்பே இறைத்து மட்டத்தைக் குறைத்து வைத்தால், மழைநீருக்கு இடம் கிடைக்கும். இரண்டாவதாக, கழிவுநீர்க் கால்வாயின் மேல் நாமே போட்டிருக்கும் கல்லையும் படியையும் நாமே எடுப்போம். இதைச் செய்யாமல் ஊராட்சியிடம் போய் நிற்க நமக்கு முகம் ஏது? மூன்றாவதாக, மூட்டைகளை வெறும் தரையில் அடுக்காமல் கட்டையும் பலகையும் போட்டு, சுவரை விட்டுத் தள்ளி அடுக்குவோம். கடைக் காப்பீடு எடுத்தவர்கள், தரைவழிக் கசிவு அதில் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கி வைப்போம்.

நான்காவதுதான் முக்கியமானது. எந்த வீட்டில் என்று ஈரம் கண்டது, எத்தனை நாள் நின்றது, எத்தனை மூட்டை போயிற்று என்பதைத் தெருவாரியாக ஒரு நோட்டில் எழுதி வைப்போம். நாலணாக் கடனையும் பேரேட்டில் எழுதிய குலம் நாம். நமது வீட்டுக்குள் வந்த வெள்ளத்தை மட்டும் எழுதாமல் விட்டோம். அந்த நோட்டு இருந்திருந்தால், எழுத ஒன்றும் இல்லை என்று சொன்னவரிடம் அதை எடுத்து நீட்டியிருக்கலாம். அடுத்த மழைக்கு முன் அந்த நோட்டின் முதல் பக்கம் எழுதப்பட வேண்டும். நோட்டுப் போட ஒவ்வொரு தெருவிலும் ஒரு வணிகர் முன்வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.