பாஸ்தாவைப் பார்த்து மிரளாதீங்க!

வீரகேரளம்புதூர், சுரண்டை பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். பார்க்கப் போகிற அப்பா, அம்மாவை ஒருநாள் பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப் போகிறார்கள். இட்லி, தோசைக்கு அல்ல, இத்தாலிச் சாப்பாட்டுக்கு! நுங்கம்பாக்கம் தாஜ் கோரமண்டலின் 'ப்ரெகோ' போல, நட்சத்திர ஓட்டல்களில் இதற்கென்றே தனி உணவகங்கள் வந்துவிட்டன.

ஊர் திரும்பியதும், "ஐயா, பேரே வாயில நுழையல. பையன் ஆசையா வாங்கிக் கொடுத்தான். சுகர் ஏறியிருக்குமோ?" என்று என்னிடம் கவலையோடு கேட்கிறவர்கள் உண்டு.

போனது தப்பே இல்லை. எதை, எவ்வளவு, எந்த நேரத்தில் சாப்பிட்டோம் என்பதுதான் விஷயம்.

உலர் பாஸ்தாவை இத்தாலியில் டியூரம் என்கிற கெட்டிக் கோதுமை ரவையில் செய்கிறார்கள். 1967 முதல் அங்கே சட்டமே அதுதான். பல்லில் லேசாகத் தட்டுப்படும் பதத்தில் இறக்கினால், மைதா புரோட்டாவை விட மெதுவாகத்தான் சர்க்கரையை ஏற்றும். மேலே தூவுகிற பேசில் இலை வேறொன்றுமில்லை; துளசிக்குச் சொந்தமான நம்ம திருநீற்றுப் பச்சிலை! பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் குணபாடம் படித்த எங்களுக்கு அது பழைய சிநேகிதம். சர்பத்தில் போடும் சப்ஜா விதை அதனுடையதுதான்.

அப்படியானால் வம்பு எங்கே? முதலில் கூடையில் வைக்கிற ரொட்டி, பிட்சாவின் மைதா, அதன் மேல் உருகி வழியும் சீஸ், க்ரீம் கலந்த வெள்ளைச் சாஸ். ராத்திரியில் இவை மந்தம். சீஸில் உப்பும் உண்டு. ரத்தக் கொதிப்புக்காரர்கள் கவனிக்க வேண்டும். தக்காளிச் சாஸ், காய்கறி, சூப் போதுமே! பாஸ்தா ஒரு தட்டு வாங்கி இரண்டு பேர் பகிர்ந்து கொள்ளுங்கள்.

அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் 1958-ல் ஏழு நாடுகளில் இருதய நோய் பற்றி ஆய்வு தொடங்கினார். மத்திய தரைக்கடல் உணவுக்குப் பெயர் வாங்கித் தந்தவர் அவர்தான். அவர் மெச்சியது ஓட்டல் விருந்தை அல்ல. தென் இத்தாலிக் குடியானவர் வீட்டுப் பயறு, கீரை, காய், ஆலிவ் எண்ணெயைத்தான்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இந்த மாதிரி இடங்களில் சாப்பாடு மேஜைக்கு வர முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். வழக்கம்போல வீட்டிலேயே இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ போட்டுவிட்டுக் கிளம்பினால், தட்டு வருவதற்குள் சர்க்கரை தாழ்ந்து வியர்த்துக் கொட்டும், மயக்கமே வரலாம். எப்போது போடுவது என்று உங்கள் டாக்டரிடம் முன்னாலேயே கேட்டுக் கொள்ளுங்கள். நான் சித்த வைத்தியன்தான். அதற்காக இங்கிலீஷ் மருந்தை இஷ்டத்துக்கு மாற்றச் சொல்ல மாட்டேன்.

சுத்த சைவர்களுக்கும் ஒரு வார்த்தை. அசல் பார்மிஜானோ சீஸைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள். திராமிசு என்ற இனிப்பில் பச்சை முட்டையும், சில இடங்களில் மதுவும் உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள், கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

பிள்ளைகளே, பெற்றோரை ஒன்பது மணிக்கு அல்ல, ஏழு மணிக்கே கூட்டிப் போங்கள். மெனுவைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் செல்போனில் மூழ்காமல், எது என்ன என்று தமிழில் சொல்லுங்கள்.

அம்மாக்களே, ஊர் திரும்பியதும் சம்பா கோதுமை ரவையை வேகவைத்து, தட்டைப்பயறு, தக்காளி, பூண்டு, கொஞ்சம் நல்லெண்ணெய், நாலு திருநீற்றுப் பச்சிலை சேர்த்துக் கிளறுங்கள். பேரப்பிள்ளைகள் கேட்டால் இத்தாலிச் சாப்பாடு என்றே சொல்லுங்கள். அந்தக் கோதுமை வகையை இத்தாலியர்களும் 'ஃபாரோ' என்று ரசித்துச் சாப்பிடுகிறார்கள். அதனால் பொய் சொன்ன பாவம் வராது!