கண்ணாடி இழையும் மந்திர இழையும்

மதத்தின் பேரால் பிழைக்கும் கூட்டத்தாருக்கு ஒரு வழக்கம் உண்டு. விஞ்ஞானிகள் ஒன்றைக் கண்டுபிடிக்கும் வரையில் வாய் திறக்க மாட்டார்கள். கண்டுபிடித்த மறுநாளே, "இது எங்கள் சாஸ்திரத்தில் உள்ளதுதான்" என்று கிளம்பிவிடுவார்கள். இப்போது அவர்கள் கையில் அகப்பட்டுக்கொண்டிருப்பது ஒளியின் "குவாண்டம் பின்னல்" என்னும் சங்கதியாகும்.

அது என்ன? ஜோடியாய்ப் பிறந்த இரண்டு ஒளித்துகள்களைப் பிரித்து வெகு தூரம் அனுப்பிச் சோதித்தாலும், இரண்டிலும் கிடைக்கும் விடைகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன என்பதே. ஜெனிவா விஞ்ஞானிகள் டெலிபோனுக்காகப் பதித்திருந்த கண்ணாடி இழைகளின் வழியே அவற்றை அனுப்பி, 10.9 கிலோ மீட்டர் விலகியிருந்த இரண்டு கிராமங்களில் இதைச் சோதித்துக் காட்டி, 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். இத்துறையில் உழைத்த ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் ஆகிய மூவருக்கும் 2022-ல் நோபல் பரிசு கிடைத்தது.

உடனே நமது மகான்கள், "பார்த்தீர்களா, தூரம் ஒரு பொருட்டல்ல! ஆகவே இங்கே மந்திரம் சொன்னால் எங்கோ இருக்கும் நோயாளிக்கு வியாதி தீரும்" என்கிறார்கள். தட்சணை மாத்திரம் நேரில் வந்து சேர வேண்டும்!

நாம் கேட்கின்றோம்: விஞ்ஞானிகள் படுகிற பாடு இவர்களுக்குத் தெரியுமா? இழையில் ஒளி ஓடும் நடுப்பகுதி, ஒரு மில்லி மீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த கனமுள்ளது. அது சரியான வட்டமாயில்லாமல் சற்றே நீள்வட்டமாய்ப் போனாலும், ஒளியின் இரண்டு அதிர்வுத் திசைகளும் வேறு வேறு வேகத்தில் ஓடி, தூரம் போகப் போக அதிர்வுத் திசையின் பொருத்தம் தளர்ந்துவிடுகிறது. இழையை வளைத்தாலும் முறுக்கினாலும் அதிர்வுத் திசை மாறுகிறது. இழையைச் சிறு வளையங்களாய்ச் சுற்றி, அவற்றைத் திருப்பித் திருப்பி அம்மாறுதலைச் சரிசெய்கிறார்கள். அப்படியானால் மந்திரம் எந்த வழியாய்ப் போகிறது? அதன் கோணலை அளந்தவர் யார்? திருத்தியவர் யார்?

இவ்வளவும் சரியாயிருந்தாலுங்கூட, பின்னலைக் கொண்டு ஒரு சேதிகூட அனுப்ப முடியாது. ஒரு பக்கத்து விடையைத் தனியே பார்த்தால், அது காசு சுண்டிப் பார்த்தது போலத்தான் இருக்கும். இரண்டு பக்கத்துக் கணக்கையும் சாதாரண வழியில் கொண்டுவந்து ஒப்பிட்ட பிறகே பொருத்தம் தெரியும். சேதியே போகாத வழியில் மருந்து எப்படிப் போகும்?

தோழர்களே! வியாதிக்கு வைத்தியரிடம் போங்கள். குவாண்டம் பேசிக்கொண்டு வருகிறவரை, "அளந்து காட்டு" என்று கேளுங்கள். விஞ்ஞானியானால் அளவைக் காட்டுவார். மற்றவர் தட்டைக் காட்டுவார்.