திறந்த கதவு அனுமதி மட்டுமே, உத்தரவாதம் அல்ல

கொவிட் - 19 பெருந்தொற்று உலகை முடக்கிப்போட்ட காலத்தில் அரசாங்கங்களைத் திணறடித்த கேள்விகள் பல. வைத்தியசாலைகளில் கட்டில்கள் போதுமா, பாடசாலைகளை எப்போது திறப்பது, அன்றாடம் உழைத்து உண்பவர்களுக்கு யார் சோறு போடுவது என்ற பெருங்கேள்விகளுக்கு முன்னால், கேளிக்கைப் பூங்காக்களைத் திறக்கலாமா, திறந்தால் குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா என்ற கேள்வி அற்பமானதாகவே தோன்றியிருக்கும். எனினும், கடமைக்காகவோ பிழைப்புக்காகவோ அன்றி மகிழ்ச்சிக்காக மட்டும் வெளியே செல்வதற்கு எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம், அந்த ஆபத்தை யார் தலையில் சுமத்தலாம் என்பதை இக்கேள்வியைப் போல் வெளிப்படையாக எடுத்துக்காட்டிய விடயம் வேறொன்றில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் சர்வதேச அவசர நிலை முடிவுக்கு வந்ததாக 2023 மே 5 ஆம் திகதி அறிவித்துவிட்டது. ஆகவே, அன்றைய பரபரப்பு அடங்கிய நிலையில் இதனை நிதானமாக ஆராய்வது பொருத்தமாக இருக்கும் என நாம் கருதுகின்றோம்.

முதலில் நடந்தவற்றை நினைவுபடுத்திக்கொள்வோம். ஷங்ஹாய் டிஸ்னி பூங்கா 2020 ஜனவரி 25 ஆம் திகதி மூடப்பட்டது. மறுநாள் ஹொங்கொங் பூங்காவும் மூடப்பட்டது. பெப்ரவரி இறுதியில் டோக்கியோவும், மார்ச் நடுப்பகுதியில் கலிபோர்னியா, புளோரிடா, பாரிஸ் ஆகியனவும் கதவடைத்தன. மீண்டும் முதலில் திறந்ததும் ஷங்ஹாய்தான். 2020 மே 11 ஆம் திகதி, வழமையான கொள்ளளவில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவானோருடன், முன்பதிவு, உடல் வெப்பநிலைப் பரிசோதனை, கையடக்கத் தொலைபேசியில் சுகாதாரக் குறியீடு ஆகிய நிபந்தனைகளோடு அது திறக்கப்பட்டது. ஜூன் 18 இல் ஹொங்கொங்கும், ஜூலை 1 இல் டோக்கியோவும், ஜூலை 15 இல் பாரிஸும் அதனைப் பின்தொடர்ந்தன.

இவ்வாறானதொரு நிலையிலேயே புளோரிடாவின் வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் ஜூலை 11 ஆம் திகதி தனது கதவுகளைத் திறந்தது. அங்குள்ள மெஜிக் கிங்டம் பூங்காவுக்கு மட்டும் 2019 ஆம் ஆண்டில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் வருகை தந்திருந்தனர். திறப்பு விழாவுக்கு மறுநாள், ஜூலை 12 ஆம் திகதி, புளோரிடா மாநிலத்தில் ஒரே நாளில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய தொற்றாளர்கள் பதிவாகினர். அதுவரை அமெரிக்காவின் எந்தவொரு மாநிலமும் ஒரே நாளில் கண்டிராத எண்ணிக்கை அது. அதற்கும் மறுநாள், ஹொங்கொங்கில் ஐம்பது பேரளவில் தொற்று உறுதிசெய்யப்பட்டதைத் தொடர்ந்து, திறந்து ஒரு மாதம்கூட ஆகாத அங்குள்ள பூங்காவை மீண்டும் மூடுவதற்குத் தீர்மானிக்கப்பட்டது.

ஒரே நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய இரு பூங்காக்கள். ஒன்று ஐம்பது பேருக்காக மூடப்படுகின்றது. மற்றையது பதினையாயிரம் பேருக்கு மத்தியில் திறந்திருக்கின்றது. வைரஸின் இயல்பு இரண்டு இடங்களிலும் ஒன்றுதான். வேறுபட்டவை அரசாங்கங்களின் கொள்கைகளே. எனவே, ஒரு பூங்கா திறந்திருக்கின்றது என்ற செய்தி, அங்கு செல்வது பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது. அந்த இடத்தை ஆள்வோர் எவ்வளவு ஆபத்தை ஏற்கத் தயாராக இருந்தனர் என்பதை மட்டுமே அது சொல்கின்றது.

ஏன் திறந்தார்கள் என்ற கேள்விக்கான விடை இரகசியமல்ல. 2020 ஜூன் மாத இறுதியில் முடிவடைந்த மூன்று மாத காலத்தில் டிஸ்னி நிறுவனம் 4.7 பில்லியன் டொலர் நட்டத்தை அறிவித்தது. பூங்காக்கள் மூடப்பட்டமையும் அதற்கான காரணங்களில் ஒன்றாகும். அதேவேளை, இதனை வெறும் முதலாளித்துவப் பேராசை என்று தள்ளிவிடவும் முடியாது. பூங்காவை நம்பி ஹோட்டல்கள், உணவகங்கள், வாடகை வாகனச் சாரதிகள், துப்புரவுத் தொழிலாளர்கள் என ஒரு நகரமே வாழ்கின்றது. அந்த ஆண்டு செப்டெம்பர் இறுதியில், 28 ஆயிரம் ஊழியர்களைப் பணிநீக்கம் செய்யப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தபோது, மூடிய கதவுகளுக்கும் ஒரு விலை உண்டு என்பது உலகுக்குப் புரிந்தது. தொற்றுக்கு அஞ்சி வீட்டிலிருக்கும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதை, ஊரடங்குக் காலத்தில் அடுப்பெரியாத வீடுகளைக் கண்ட எமக்கு எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆயினும், அந்த ஊழியர்களின் நிலை வேறொரு பக்கத்தையும் காட்டுகின்றது. கலிபோர்னியாவில் 1955 ஜூலை 17 இல் ஆரம்பிக்கப்பட்ட முதலாவது டிஸ்னிலாண்ட், தனது 65 ஆவது ஆண்டு நிறைவு நாளிலேயே மீளத் திறக்கத் திட்டமிட்டிருந்தது. அங்குள்ள தொழிற்சங்கங்கள், பாதுகாப்பு ஏற்பாடுகளில் தமக்குத் திருப்தி இல்லை என மாநில ஆளுநருக்கு எழுதின. திட்டம் பிற்போடப்பட்டது. புளோரிடாவில் மேடைக் கலைஞர்களின் சங்கம், தமது உறுப்பினர்களுக்கு ஒழுங்காகத் தொற்றுப் பரிசோதனை செய்யப்படவேண்டும் என்று கோரியது. பூங்கா திறந்து ஒரு மாதம் கழிந்த பின்னர், ஓகஸ்ட் மாதத்திலேயே அதற்கு இணக்கம் காணப்பட்டது. சுற்றுலா செல்பவர் ஒரு நாள் சென்று திரும்புகின்றார். அவரை வரவேற்பவரோ நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோரை எதிர்கொள்கின்றார். செல்வதா இல்லையா என்று தெரிவுசெய்யும் உரிமை முன்னவருக்கு உண்டு. பின்னவருக்கு அநேகமாக இல்லை. எமது பொழுதுபோக்கின் ஆபத்தில் பெரும்பங்கை அடுத்தவர் சுமக்கின்றார் என்ற உண்மை நுழைவுச் சீட்டில் அச்சிடப்படுவதில்லை.

நுழைவுச் சீட்டோடு வந்த வேறொரு வாசகத்தையும் இங்கு சுட்டிக்காட்ட வேண்டும். மக்கள் கூடும் எந்த இடத்திலும் தொற்று ஏற்படும் அபாயம் இருக்கவே செய்யும். வருபவர்கள் அந்த அபாயத்தைத் தாமாகவே ஏற்கின்றனர் என்ற கருத்துப்பட நிறுவனம் முன்னறிவித்தல் விடுத்தது. நம்பிக்கையோடு வாருங்கள் என ஒரு கையால் அழைத்து, ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பு உங்களுடையது என மறு கையால் எழுதிவைப்பது சட்டத்துக்குச் சரியாக இருக்கலாம். ஆனால், பொறுப்பு எம்முடையது என்றால் கணக்குப் பார்க்கவேண்டியவர்களும் நாமே என்பதை அந்த முன்னறிவித்தலே ஒப்புக்கொள்கின்றது.

நியாயமாகச் சொல்வதானால், பலர் அஞ்சியவாறு அந்தப் பூங்காக்கள் பெருங்கொத்தணிகளின் பிறப்பிடமாகவில்லை. 2020 இலையுதிர் காலம் வரையில் புளோரிடாப் பூங்காக்களோடு தொடர்புபடுத்தி எந்தவொரு பெரும் பரவலும் அதிகாரிகளால் அறிவிக்கப்படவில்லை. இரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் முகக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. வருகையாளர் எண்ணிக்கை கொள்ளளவின் கால்வாசியளவுக்கு மட்டுப்படுத்தப்பட்டது. ஜப்பானில் உருளை வண்டிகளில் ஏறுவோர் சத்தமிட்டு அலற வேண்டாம் என்றுகூடக் கேட்டுக்கொள்ளப்பட்டனர். அது கேலிக்கு உள்ளானாலும், வாயிலிருந்து வெளியேறும் துணிக்கைகளாலேயே நோய் பரவுகின்றது என்ற அறிவியலுக்கு உடன்பட்ட வேண்டுகோளாகவே இருந்தது. திறந்த வெளியில் பரவல் குறைவு என்பதும் பின்னர் உறுதியானது.

எனினும், கொத்தணி கண்டுபிடிக்கப்படவில்லை என்பதும் தொற்று ஏற்படவில்லை என்பதும் ஒன்றல்ல. இத்தகைய பூங்காக்களுக்கு வருவோர் பல மாநிலங்களிலிருந்தும் வந்து சில நாட்களில் கலைந்துவிடுகின்றனர். நோய் அறிகுறி தோன்றும்போது அவர்கள் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் தத்தமது வீடுகளில் இருப்பர். விமானத்தில் தொற்றியதா, ஹோட்டலில் தொற்றியதா, முகக்கவசத்தைக் கழற்றி உணவருந்திய மண்டபத்தில் தொற்றியதா என்பதை எவராலும் பிரித்தறிய இயலாது. வாயிலில் வெப்பநிலை பார்ப்பதால் அறிகுறியற்ற தொற்றாளர்களைத் தடுக்கவும் முடியாது. தேடாத இடத்தில் கிடைக்காத ஒன்றை இல்லை என்று சாதிப்பது முறையாகாது.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. 2014 டிசெம்பரில் கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் தொற்றிய சின்னமுத்து நோய், அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பாதித்ததுடன் கனடாவுக்கும் பரவியது. கியூபெக் மாநிலத்தில் தடுப்பூசி ஏற்றாத சமூகமொன்றில் மட்டும் நூற்றைம்பதுக்கும் அதிகமானோர் நோயுற்றனர். சின்னமுத்து தெளிவான தோல் தடிப்புகளைத் தோற்றுவிக்கும் நோய் என்பதாலேயே அதன் தடத்தைப் பின்தொடர முடிந்தது. சாதாரணத் தடிமனைப்போல வந்துசெல்லும் நோயொன்றின் தடத்தை அவ்வாறு பின்தொடர்வது எளிதன்று.

கலிபோர்னியா மாநிலம் கடும்போக்கைக் கடைப்பிடித்தது. 13 மாதங்களுக்கும் மேலாக மூடியிருந்த டிஸ்னிலாண்ட், 2021 ஏப்ரல் 30 ஆம் திகதியே, கால்வாசிக் கொள்ளளவுடன், அம்மாநில வாசிகளுக்கு மட்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், அதே ஆண்டு ஜனவரியில், அதன் வாகனத் தரிப்பிடம் பெருந்திரளான மக்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் நிலையமாக மாற்றப்பட்டமை பாராட்டத்தக்கது. ஆனால், பூங்கா திறந்த தினத்தில் அமெரிக்காவில் 16 வயதுக்குக் குறைந்த எவருக்கும் தடுப்பூசிக்கு அனுமதி வழங்கப்பட்டிருக்கவில்லை. 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு மே மாதத்திலும், 5 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஒக்டோபர் இறுதியிலுமே அது கிடைத்தது. யாருக்காகப் பூங்காக்கள் கட்டப்பட்டனவோ அந்தக் குழந்தைகளே பாதுகாப்பின் வரிசையில் கடைசியில் நின்றனர்.

மறுமுனையில் நிற்பது ஷங்ஹாய். 2021 ஒக்டோபர் 31 ஆம் திகதி, அங்கு சென்றுவந்த ஒருவருக்குத் தொற்று இருந்ததைக் காரணமாகக் கொண்டு, பூங்காவிலிருந்த சுமார் 34 ஆயிரம் பேரும் பரிசோதனை செய்யப்பட்ட பின்னரே வெளியேற அனுமதிக்கப்பட்டனர். சரியாக ஓராண்டு கழித்து மீண்டும் கதவுகள் அடைக்கப்பட்டு, தொற்றில்லை என்று உறுதியாகும் வரை மக்கள் உள்ளேயே வைக்கப்பட்டனர். மகிழ்வதற்காகச் சென்ற இடம் தடுப்புமுகாம்போல மாறியது. ஆபத்தைக் கண்டுகொள்ளாதிருப்பது ஒரு தவறு என்றால், மனிதரை மறந்து ஆபத்தை மட்டும் காண்பதும் தவறே.

இந்த இரு முனைகளுக்கும் இடையில் நிற்க எமது மக்களுக்கு வழி தெரியாமலில்லை. 2020 ரமழானில் பள்ளிவாசல்களின் கதவுகள் அடைபட்டிருக்க, முஸ்லிம்கள் இல்லங்களிலேயே தொழுதனர். புளோரிடாவில் பூங்கா திறந்த அதே ஜூலை மாத இறுதியில், ஹஜ் கடமைக்கு சவூதி அரேபியாவுக்குள் இருந்தவர்களில் மிகச் சொற்பமானோரே அனுமதிக்கப்பட்டனர். அந்த ஆண்டின் நல்லூர் உற்சவமும் கட்டுப்பாடுகளுடனேயே நடைபெற்றது. வாழ்நாள் கடமையையும் நேர்த்திக்கடனையும் உயிரின் பொருட்டு ஒத்திவைக்க முடிந்தவர்களுக்கு ஓர் உல்லாசப் பயணத்தை ஒத்திவைப்பது முடியாத காரியமல்ல. அதேவேளை, 2021 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்காக நுவரெலியாவில் திரண்ட கூட்டத்தையும், அதனைத் தொடர்ந்த மூன்றாவது அலையையும், ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடே முடங்கிக் கிடந்ததையும் நாம் மறந்துவிடலாகாது. போக்குவரத்துக்குத் தடையில்லை என்ற ஒன்றையே அன்று பலர் பாதுகாப்பு என எடுத்துக்கொண்டனர்.

ஆகவே, இன்னொரு தொற்றுக் காலம் வந்து, எங்கேனும் ஒரு பூங்காவின் கதவு மீண்டும் திறக்கப்படும்போது, செல்லலாமா என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு விடை இராது. கேட்கவேண்டிய கேள்விகள் மட்டுமே பொதுவானவை. செல்லும் இடத்தில் தொற்று ஏறுமுகமாக உள்ளதா, இறங்குமுகமாக உள்ளதா? அங்குள்ள வைத்தியசாலைகளில் இடமுண்டா? நாம் திரும்பி வரும் வீட்டில் வயோதிபரோ நோயாளரோ கர்ப்பிணியோ இருக்கின்றனரா? கடைசி நேரத்தில் பயணத்தைக் கைவிட்டால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா, அன்றேல் பணம் போய்விடுமே என்பதற்காகக் காய்ச்சலோடும் புறப்படுவோமா? அங்கு பணியாற்றுவோருக்கு உரிய பாதுகாப்பு உண்டா?

இக்கேள்விகளில் மூன்றாவது எமது சமூகங்களுக்கு மிக முக்கியமானது. இங்கும், புலம்பெயர்ந்த நாடுகளிலும், எமது வீடுகள் பலவற்றில் மூன்று தலைமுறைகள் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன. பேரன் பூங்காவிலிருந்து கொண்டுவருவதை அம்மம்மாவும் உம்மம்மாவும் பகிர்ந்துகொள்வர். அது விளையாட்டுப் பொருளாக மட்டும் இருக்கும் என்பதற்கு எவரும் பொறுப்பேற்கப்போவதில்லை.

குழந்தைகளின் மகிழ்ச்சி அற்பமானதல்ல. மாதக்கணக்கில் நான்கு சுவர்களுக்குள் அடைபட்ட பிஞ்சுகளுக்குக் காற்றும் வெளிச்சமும் விளையாட்டும் தேவை. ஆனால், அவற்றைப் பெறுவதற்குக் கடல் கடந்து சென்று கூட்டத்தில் நிற்கத்தான் வேண்டும் என்பதில்லை. பூங்காக்கள் அடுத்த ஆண்டும் இருக்கும். ஒரு தடவை இழந்த மூத்தோர் திரும்பி வரமாட்டார்கள். திறப்பதற்கு அனுமதிப்பது அரசாங்கத்தின் தீர்மானம், அழைப்பது நிறுவனத்தின் வியாபாரம். நுழைவதா இல்லையா என்பது மட்டுமே எமது கையில் உள்ளது. அதனை விளம்பரங்களிடம் ஒப்படைத்துவிடாமல் நாமே சிந்தித்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.